குப்புறப் படுப்பவன்

வண்டியை நிறுத்தியதும் குப்புறப் படுத்துவிடுவேன்.
அதுதான் வேலை.
ஓட்டுவதெல்லாம் அப்புறம்.

உயுனி உப்புவெளியில் தூரம் என்று ஒன்று கிடையாது.
மரமில்லை, வேலியில்லை,
அளந்துபார்க்க ஒரு லாமாகூட இல்லை.
பொய் சொல்ல இதைவிடத் தோதான இடம்
பொலிவியாவில் வேறெங்கும் இல்லை.
பொம்மை டைனோசரை லென்சுக்கு ஒரு சாண் முன்னால் வைப்பேன்.
ஆட்களை எழுபதடி பின்னால் ஓடச் சொல்வேன்.
"கத்துங்கள். இன்னும் பயந்து."
கத்துவார்கள்.
டைனோசர் ஜெயிக்கும்.

பச்சை டைனோசர். ஒரு கண் உரிந்துவிட்டது.
வாலில் என் மகன் வில்மர் பல் முளைத்தபோது கடித்த தடம்.
போன வருடம் திருப்பிக் கேட்டான்.
"அது சம்பாதிக்கிறதுடா" என்றேன்.

அடுத்து சிப்ஸ் டப்பா. அதற்குள்ளிருந்து
ஆறு பேர் வரிசையாக நடந்து வர வேண்டும்.
அடுத்து ஒருத்தி தன் காதலனை உள்ளங்கையில் நிறுத்தி
ஊத வேண்டும்,
அதே நொடியில் அவன் அங்கே குதிக்க வேண்டும்.
சொன்ன நேரத்தில் குதிக்கத் தெரியாத காதலர்கள்
எல்லா தேசத்திலும் இருக்கிறார்கள்.

பதினோரு மொழிகளில் எனக்கு "இடது பக்கம்" தெரியும்.
"நன்றி" ஏழில்தான்.

முன்பு வாரத்துக்கு ஒரு வண்டி கிளம்பும்.
உப்பு எத்தனை ஆழம் என்று கேட்பார்கள்,
யாருக்கும் சரியாகத் தெரியாது என்பேன், சிரிப்பார்கள்.
இப்போது விடிவதற்குள் நாற்பது வண்டி.
ஆழத்தை யாரும் கேட்பதில்லை.
சிக்னல் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள்.
முதலாளியம்மா கிரிசாந்தா லைசென்ஸைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.
புதிதாக வேலை கேட்டு வருகிறவன் கையில் தன் போனைக் கொடுத்து
"எங்கே, படு பார்ப்போம்" என்கிறார்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டுமாம்.
தின்பது என் முழங்கை.
ராத்திரி எழுந்து குடிப்பது நான்.
நியேவெஸ் வாசலின் தடவிக்கொண்டே சொல்வாள்:
"வண்டியின் அடிவயிற்றை டீசல் அடித்துக் கழுவுகிறாய்.
உன்னுடையதை?"

பிப்ரவரியில் தண்ணீர் நிற்கும், கணுக்கால் அளவு.
அப்போது படுக்க வேண்டாம், குந்தினால் போதும்.
போனைத் தலைகீழாக்கி
நீரைத் தொட்டும் தொடாமலும் பிடித்தால்
மேலே ஒரு வானம், கீழே ஒரு வானம்,
நடுவில் சிவப்பு கவுனில் போலந்துக்காரி.
அதிகாலை ஐந்து மணி. உதடு நீலம் பாய்ந்துவிட்டது.
ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் என் கோட்டைப் போர்த்துவேன்,
அடுத்த படத்துக்கு உருவிக்கொள்வேன்.
போர்த்துவேன். உருவுவேன்.
முப்பத்திரண்டு முறை.
குளிர் படத்தில் விழாது.
கோட்டும்.

ஆகஸ்டில் ஒரு நாள்
அன்தோஃபகஸ்தாவிலிருந்து கொழுந்தியா ஒரு படம் அனுப்பினாள்.
யாரோ ஒரு தாடிக்காரன், வட்டக் கறுப்புக் கண்ணாடி,
இரண்டு லட்சம் லைக்.
"கண்ணாடிக்குள் பார்" என்று எழுதியிருந்தாள்.

பார்த்தேன்.
வளைந்த வெள்ளைத் தரையில்
கவிழ்த்துப் போட்ட கரப்பான்போல ஒருவன்.
பூட்ஸை வைத்துத்தான் அடையாளம் பிடித்தாளாம்.
விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன், முகம் தெரிகிறதா என்று.
இன்னும் இழுத்தேன்.
கட்டம் கட்டமாக உடைந்தது.
கோடையில் காய்ந்த உப்புத்தரையும்
இப்படித்தான் பிளந்து கிடக்கும்.

நியேவெஸ் அதைக் கடையில் அச்சிட்டு வாங்கி வந்தாள்.
கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில், தாடிக்காரனோடு சேர்த்து
ஆணியடித்து மாட்டினாள்.
வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள்
யார் இவர், மருமகனா என்று.

தாடிக்காரனுக்கும் பின்னால் விஷயம் தெரிந்துவிட்டது.
படத்தில் ஆள் விழுந்திருக்கிறது என்று
கம்பெனிக்குப் புகார் வந்தது.
கிரிசாந்தா அம்மா திட்டவில்லை,
கையொப்பம் மட்டும் வாங்கிக்கொண்டார்:
இனி கிட்டத்தில் எடுக்கும் படங்களுக்கு
பயணிகள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும்,
டிரைவர் பணிவாக நினைவூட்ட வேண்டும்.

கற்றுக்கொண்டிருக்கிறேன்.
கொரிய மொழியில் வந்துவிட்டது.
போலிஷ்தான்
நாக்கில் ஒட்ட மாட்டேன் என்கிறது.